பி மதிப்பு 0.07 வந்தால் என்ன செய்வது?

வந்த கேள்வி சுருக்கமாக இது. முதுகலை உளவியல் இறுதியாண்டு ஆய்வு, 60 மாணவர்கள். 30 பேர் கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு 50 மதிப்பெண்ணுக்கு ஒரு நினைவுத் தேர்வு எழுதினார்கள். மற்ற 30 பேர் கைபேசியை வெளியே கொடுத்துவிட்டு எழுதினார்கள். வெளியே கொடுத்தவர்களுக்குச் சராசரியில் 3.8 மதிப்பெண் கூடுதல். இரண்டு குழுவிலும் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) சுமார் 8. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டால் பி மதிப்பு 0.07. வழக்கப்படி 0.05க்குக் கீழே வந்தால்தான் 'சிக்னிபிகன்ட்', முக்கியத்துவம் உள்ள முடிவு என்பார்கள். சீனியர் ஒருவர் நான்கு வழி சொல்லியிருக்கிறார்: கவனமில்லாமல் எழுதிய மூன்று பேரை எடுத்துவிடு, இல்லையென்றால் இன்னும் பத்துப் பேரைச் சேர், ஆண், பெண் தனித்தனியாகப் போட்டுப் பார், எதுவும் சரிவராவிட்டால் 'ஒன்-டெயில்ட்' (ஒரு பக்க வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் சோதனை) என்று மாற்றிவிடு, பி பாதியாகிவிடும். இதில் எதைச் செய்யலாம்?

நான்கில் எதையும் இப்போது செய்யாதீர்கள். 'இப்போது' என்பதைக் கவனியுங்கள். இந்த நான்கும் தம்மளவில் தப்பான வேலைகள் இல்லை. கவனமில்லாமல் எழுதியவரை நீக்கலாம், ஆட்களைச் சேர்க்கலாம், ஆண் பெண் பிரித்துப் பார்க்கலாம், ஒரு பக்கச் சோதனையும் போடலாம். ஆனால் 0.07ஐக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பார்த்த பிறகு செய்தாலும் கணினி மறுக்காமல் ஓர் எண்ணைத் தரும்; அந்த எண்ணுக்குத்தான் அர்த்தம் இருக்காது. நேர்மையைப் பற்றி உபதேசம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பி மதிப்பின் கணக்கே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

உபதேசம் செய்யும் தகுதியும் எனக்கில்லை. என் முதுகலை ஆய்வில் ஐந்து கேள்வித்தாள்களை நிரப்ப வைத்து, எந்த இரண்டுக்கு நடுவே தொடர்பு வந்ததோ அதையே தலைப்பாக்கினேன். ஐந்து தாள் என்றால் பத்து ஜோடி. எதற்கும் எதனோடும் தொடர்பே இல்லையென்றாலும், பத்தில் ஒன்றாவது 0.05க்குக் கீழே வர ஏறக்குறைய 40 சதவீதம் வாய்ப்பு உண்டு. வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

சரி, கணக்குக்கு வருவோம். இதற்கு நான் எப்போதும் டீக்கோப்பையில் இருந்துதான் ஆரம்பிப்பேன். 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் புள்ளியியலாளராக இருந்தார். அங்கே பாசிகளை ஆராய்ந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். ஃபிஷர் இதைச் சோதனையாக்கினார். 1935இல் வெளிவந்த தம் புத்தகத்தில் இதையே முதல் உதாரணமாக வைத்து எழுதினார்.

எட்டுக் கோப்பை. நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில். வரிசை குலுக்கல் முறையில். பால் முதலில் ஊற்றிய நான்கு எவை என்று அவர் பொறுக்கிக் காட்ட வேண்டும். எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு, அதில் ஒன்றுதான் முழுக்கச் சரி. நாக்கில் எந்தத் திறமையும் இல்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினாலும் 70இல் ஒரு தடவை முழுக்கச் சரியாக அமைந்துவிடும். 1 வகுத்தல் 70, அதாவது 0.014. பி மதிப்பு என்பது இதுதான். இதில் டி அட்டவணையும் இல்லை, மணி வடிவக் கோடும் இல்லை, விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னால்? அப்படி அமைய 16 வழிகள். முழுச்சரியான ஒன்றையும் சேர்த்தால் 17. 70இல் 17 என்பது 0.24. ஏறக்குறைய நாலு தடவைக்கு ஒரு தடவை குருட்டாம்போக்கிலேயே நடக்கும். ஆகவே ஒரு பிழைகூட இருக்கக் கூடாது என்று கோப்பையை நீட்டுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

இப்போது ஒரு கற்பனை. அந்த அம்மையார் ஒரு கோப்பையைத் தவறாகச் சொல்லிவிடுகிறார். விடையைக் கேட்டதும், "அந்தக் கோப்பை ஆறிப்போயிருந்தது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்கிறார். உண்மையிலேயே ஆறிப்போயிருக்கலாம். பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே ஆறிய கோப்பையைச் சரியாகச் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு எழுந்திருக்குமா? எழுந்திருக்காது. 70இல் 1 என்ற கணக்கு, எட்டுக் கோப்பையும் கணக்கில் உண்டு, ஒரே தடவைதான் வாய்ப்பு என்ற விதிக்குப் போட்ட கணக்கு. தோற்றால் மட்டும் சாக்குச் சொல்லலாம் என்ற விதியைச் சேர்த்துவிட்டால், திறமையே இல்லாதவர் ஜெயிக்கும் வாய்ப்பு 70இல் 1ஐவிடப் பெரிதாகிவிடும். எவ்வளவு பெரிது? அவர் இன்னும் என்னென்ன சாக்குச் சொல்லியிருப்பார் என்பதைப் பொறுத்தது. அதாவது, கணக்கே போட முடியாது.

உங்கள் சீனியர் சொல்லும் அந்த மூன்று மாணவர்கள்தான் ஆறிப்போன கோப்பைகள். ஆய்வில் அவர்கள் கவனமில்லாமல் எழுதியிருக்கலாம். ஆனால் பி 0.03 வந்திருந்தால் அவர்கள் விடைத்தாளை யாராவது புரட்டிப் பார்த்திருப்பார்களா?

இப்போது உங்கள் 0.07 என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். கைபேசியால் எந்த வித்தியாசமும் ஏற்படாத ஓர் உலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அந்த உலகத்தில் இதே ஆய்வை, இதே விதிகளோடு, திரும்பத் திரும்பச் செய்தால், 3.8 மதிப்பெண்ணோ அதைவிடப் பெரிய இடைவெளியோ எந்தப் பக்கமாவது 100க்கு ஏழு தடவை தற்செயலாக வரும். இவ்வளவுதான். கருதுகோள் பொய்யாக இருக்க 7 சதவீதம் வாய்ப்பு என்று பொருள் இல்லை. 93 சதவீதம் நிச்சயம் என்றும் இல்லை. மறுபடி செய்தால் 93 சதவீதம் இதே முடிவு வரும் என்றும் இல்லை. இதில் குழம்புகிறவர் நீங்கள் மட்டும் என்று வருந்த வேண்டாம். 2002இல் ஹாலர், கிராஸ் என்ற இருவர் ஜெர்மனியின் ஆறு பல்கலைக்கழகங்களில் பி மதிப்பைப் பற்றிய ஆறு கூற்றுகளைக் கொடுத்து எது சரி என்று கேட்டார்கள். ஆறுமே தவறு. மாணவர்கள் எல்லோரும் ஒன்றையாவது சரி என்றார்கள். அது பரவாயில்லை. புள்ளியியல் பாடம் நடத்துகிறவர்களிலேயே 80 சதவீதம் பேர் ஒன்றையாவது சரி என்றார்கள்.

சீனியரின் மற்ற மூன்று வழிகளுக்கும் இதே கதைதான். 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைக் கணினியில் போட்டுக் காட்டினார்கள். உள்ளே எந்த விளைவும் இல்லாத வெறும் தற்செயல் எண்களை உருவாக்கி, ஆய்வாளர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் சலுகைகளை ஒவ்வொன்றாக அனுமதித்தார்கள். சலுகையே இல்லாவிட்டால் பொய் வெற்றி 5 சதவீதம். குழுவுக்குப் பத்துப் பேரைப் பிறகு சேர்க்கலாம் என்றால் 7.7. ஒன்றுக்குப் பதில் இரண்டு அளவீடுகளை வைத்துக்கொண்டு வாகானதைச் சொல்லலாம் என்றால் 9.5. ஆண், பெண் என்ற விவரத்தை உள்ளே கொண்டுவந்து பார்க்கலாம் என்றால் 11.7. மூன்று நிலைகளில் சோதித்துவிட்டு ஒன்றைக் கைவிடலாம் என்றால் 12.6. இந்த நான்கையும் ஒருவரே எடுத்துக்கொண்டால் 60.7 சதவீதம். இல்லாத ஒன்றை இருப்பதாக நிரூபிப்பது நாணயம் சுண்டுவதைவிடச் சுலபமாகிவிடுகிறது.

அதே கட்டுரையில் ஒரு குறும்பும் செய்தார்கள். 20 மாணவர்களில் சிலருக்கு அறுபத்து நான்கு வயதைப் பற்றிய ஒரு பீட்டில்ஸ் பாட்டையும், சிலருக்கு வேறோர் இசையையும் போட்டார்கள். தந்தையின் வயதைக் கணக்கில் சரிசெய்து பார்த்தால், பீட்டில்ஸ் கேட்டவர்களின் வயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்திருந்தது. பி மதிப்பு 0.040. பாட்டைக் கேட்டதும் இளமையாக உணர்ந்தார்கள் என்று சொல்லவில்லை, பிறந்த தேதிப்படியே வயது குறைந்துவிட்டதாம்! எண் எதையும் மாற்றவில்லை, எந்தப் பொய்யும் சொல்லவில்லை. எத்தனை பேரோடு நிறுத்துவது, எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதை விடையைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு பக்கச் சோதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் பார்க்க மிக அப்பாவியாகத் தெரிகிறது. 0.07ஐப் பாதியாக்கினால் 0.035, வேலை முடிந்தது. ஆனால் உங்களையே கேட்டுப் பாருங்கள்: முடிவு தலைகீழாக வந்திருந்தால், அதாவது மேசைமேல் கைபேசி இருந்தவர்கள் நன்றாக எழுதியிருந்தால், 'எதிர்பார்த்த பக்கம் இல்லை, ஆகவே ஒன்றும் கிடைக்கவில்லை' என்று மூடி வைத்திருப்பீர்களா? 'கைபேசி அருகிலிருந்தால் பதற்றம் குறைகிறது' என்று அழகான முன்னுரை ஒன்று தயாராகியிருக்கும். இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும்தான் திறந்திருந்தது என்று சொன்னால், 5 சதவீதம் என்று நீங்கள் சொல்லும் பிழை உண்மையில் 10 சதவீதம்.

முதுகலை ஆய்வுக்கு இவ்வளவு தேவையா என்று கேட்பீர்கள். பெரிய இடத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். 2011இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், சமூக உளவியலின் முன்னணி ஆய்விதழ் ஒன்றில் ஒன்பது சோதனைகளை வெளியிட்டார். 1,000க்கு மேற்பட்டோர் பங்கேற்றிருந்தார்கள். எதிர்காலத்தில் நடக்கப்போவது இன்றைய மனத்தைப் பாதிக்கிறது என்பது அவர் முடிவு. முதல் சோதனையில் திரையில் இரண்டு திரைச்சீலைகள். எதன் பின்னால் படம் இருக்கிறது என்று 100 மாணவர்கள் சொல்ல வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்த பிறகுதான் கணினியே படத்தின் இடத்தைத் தீர்மானிக்கும். பாலுணர்வுப் படங்களுக்கு மட்டும் 50க்குப் பதில் 53.1 சதவீதம் சரியாக வந்தது. பி மதிப்பு 0.01. ஒன்பதில் எட்டுச் சோதனைகளில் பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தது.

துறையே ஆடிப்போனது. ஜோசியம் மெய்யாகிவிட்டதே என்று யாரும் கவலைப்படவில்லை. பெம் பயன்படுத்தியது அன்று எல்லோரும் பயன்படுத்திய அதே முறை. இந்த முறையால் எதிர்காலம் இறந்தகாலத்தைத் தொடுகிறது என்று நிரூபிக்க முடியுமானால், இதே முறையால் நாம் நிரூபித்த மற்றதெல்லாம் என்ன என்ற கேள்வி வந்தது. ரிச்சி, வைஸ்மன், ஃபிரெஞ்ச் என்ற மூவர் அதில் ஒரு சோதனையை மூன்று இடங்களில் திரும்பச் செய்தார்கள், ஒன்றும் வரவில்லை. பெம்மின் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ், மறுசோதனைகளை நாங்கள் போடுவதில்லை என்று இதைத் திருப்பி அனுப்பியது. பல ஆண்டுகளுக்கு முன்பே, ஆய்வுக்கட்டுரை எழுதுவது எப்படி என்று மாணவர்களுக்காக எழுதியபோது பெம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்: ஆய்வைத் திட்டமிட்டபோது எழுத நினைத்த கட்டுரை ஒன்று, முடிவுகளைப் பார்த்த பிறகு பொருந்திவரும் கட்டுரை ஒன்று, நீங்கள் எழுத வேண்டியது இரண்டாவதை. இதை ரகசியத் தில்லுமுல்லு என்று சொல்ல முடியாது. பாடமாகவே சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் சீனியருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

2012இல் அமெரிக்காவில் 2,000க்கு மேற்பட்ட உளவியலாளர்களிடம் கேட்டபோது, முடிவு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு ஆட்களைச் சேர்ப்பதைப் பற்றி முடிவு செய்ததுண்டு என்று பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள்.

இதெல்லாம் சேர்ந்து ஒரு துறையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு முள்ளங்கிக் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1998இல் ராய் பௌமைஸ்டரும் கூட்டாளிகளும் பசியோடு வந்த மாணவர்களை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். அறை முழுக்க அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட் வாசனை. சிலர் பிஸ்கட் சாப்பிடலாம், சிலர் அதைப் பார்த்துக்கொண்டே முள்ளங்கியைக் கடிக்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் விடையே இல்லாத புதிர். பிஸ்கட் சாப்பிட்டவர்கள் சுமார் 19 நிமிடம் போராடினார்கள். முள்ளங்கிக்காரர்கள் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். மனவுறுதி என்பது தீர்ந்துபோகும் சரக்கு என்ற கருத்து பிறந்தது. 2010 வாக்கில் இதைப் பற்றி வெளிவந்திருந்த 198 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது விளைவின் அளவு, அதாவது குழுக்களின் வித்தியாசம் எத்தனை திட்டவிலக்கம் என்ற எண், 0.62. உளவியலில் இது கணிசமான எண். பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. 2016இல் 23 ஆய்வகங்கள் ஒரே நடைமுறையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, வேறொரு கணினிப் பணியை வைத்து, 2,141 பேரிடம் சோதித்தன. விளைவின் அளவு 0.04. அந்தப் பணியே சரியில்லை என்று பௌமைஸ்டர் தரப்பு வாதாடியது. இருக்கலாம். ஆனால் 198 சோதனைகள் தாங்கி நின்ற கூரை இப்படி இறங்கினால், தூண்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கத்தான் தோன்றும்.

வெளிவந்த விளைவுகள் ஏன் எப்போதும் பெரிதாகத் தெரிகின்றன என்பதை உங்கள் எண்களை வைத்தே காட்டலாம். குழுவுக்கு 30 பேர், திட்டவிலக்கம் 8 என்றால், இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்கு உரிய திட்டப்பிழை (தற்செயலால் அந்த வித்தியாசம் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்ற அளவு) சுமார் 2.07. 0.05க்குக் கீழே போக வித்தியாசம் அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 4.1 மதிப்பெண் இருக்க வேண்டும். சரி, கைபேசியின் உண்மையான பாதிப்பு 2 மதிப்பெண்தான் என்று வைத்துக்கொள்வோம். உங்களைப் போல் நூறு மாணவர்கள் இதே ஆய்வைச் செய்கிறார்கள். தற்செயலாக 4.1க்கு மேல் கிடைத்தவர்கள் மட்டும் ஜெயிப்பார்கள். ஆகவே ஜெயித்த ஒவ்வொருவரும் உண்மையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சரியாக 2 மதிப்பெண் கிடைத்தவர், அதாவது நூறு பேரில் உண்மையைத் தொட்டவர், 'முடிவு வரவில்லை' என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார். 2015இல் 2008ஆம் ஆண்டின் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 சதவீதம் 0.05க்குக் கீழே. மறுசோதனையில் 36 சதவீதம். சராசரி விளைவு 0.403இல் இருந்து 0.197க்கு இறங்கியது, ஏறக்குறையப் பாதி. மேலே போட்ட கணக்கைப் பார்த்தவருக்கு இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை.

இதன் மறுபக்கம்தான் 'பவர்', ஆற்றல். விளைவு உண்மையிலேயே இருந்தால் உங்கள் ஆய்வு அதைப் பிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு? நடுத்தர விளைவு, அதாவது அரைத் திட்டவிலக்கம், உங்கள் அளவில் 4 மதிப்பெண், உண்மையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், குழுவுக்கு 30 பேரை வைத்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு 48 சதவீதம்தான். 1962இல் ஜேக்கப் கோஹன் ஓர் ஆய்விதழின் ஓராண்டுக் கட்டுரைகளைப் பிரித்துப் பார்த்தபோது, நடுத்தர விளைவுகளுக்கு அவற்றின் சராசரி ஆற்றலும் இதே 48 சதவீதம்தான். எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடாமல், 'குழுவுக்கு முப்பது இருந்தால் போதும்' என்று வழிவழியாக வரும் வாய்ப்பாட்டை நம்பினால் இங்கேதான் வந்து நிற்போம். முப்பது என்ற எண்ணுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. ஆகவே 0.07 வந்ததற்கு உங்கள் மூன்று மாணவர்களைக் குறை சொல்ல வேண்டாம்.

அப்படியென்றால் பி மதிப்பையே தூக்கி எறிந்துவிடலாமா? 2015இல் ஒரு சமூக உளவியல் ஆய்விதழ் அதற்குத் தடையே போட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆறிப்போன கோப்பைச் சாக்கைச் சொல்பவர் எந்த அளவுகோலைக் கொடுத்தாலும் அதே சாக்கைச் சொல்வார். இதற்கு வேலை செய்திருக்கும் மருந்து முன்பதிவுதான். ரயிலுக்குச் செய்வதுபோலத்தான். கருதுகோள் என்ன, எத்தனை பேர், யாரை எந்த விதிப்படி நீக்குவேன், எந்தச் சோதனை என்பதையெல்லாம் தரவு சேர்க்கும் முன் எழுதி, தேதி முத்திரையோடு ஒரு பொதுத்தளத்தில் போட்டுவிடுவது. ஓ.எஸ்.எஃப். என்ற தளத்தில் இலவசமாகச் செய்யலாம். 2013இல் இருந்து சில ஆய்விதழ்கள் இன்னும் ஒரு படி போய், முடிவு வரும் முன்பே திட்டத்தை மட்டும் படித்துக் கட்டுரையை ஏற்றுக்கொள்கின்றன. 2021இல் இரண்டு வகையையும் ஒப்பிட்டார்கள். வழக்கமான கட்டுரைகளில் முதல் கருதுகோள் 96 சதவீதம் ஜெயித்திருந்தது. முன்பே ஏற்கப்பட்டவற்றில் 44 சதவீதம்.

இனி உங்கள் ஆய்வறிக்கை. முதலில் ஒரு கேள்வி: யார் எந்தக் குழு என்று எப்படிப் பிரித்தீர்கள்? குலுக்கல் முறையில் என்றால் நல்லது. 'முதலில் வந்த 30 பேர் ஒரு குழு' என்றோ, 'காலை வகுப்பு ஒரு குழு, மதிய வகுப்பு ஒரு குழு' என்றோ இருந்தால், 0.0001 வந்திருந்தாலும் அது கைபேசியால் வந்ததா சாப்பாட்டு மயக்கத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. இதைச் சரிசெய்யும் பொத்தான் எந்த மென்பொருளிலும் இல்லை. அறிக்கையில் குறைபாடுகள் பகுதியில் உள்ளபடி எழுதிவிடுங்கள்.

அப்புறம், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் வெளியீட்டில் டி-டெஸ்டுக்கு இரண்டு வரிகள் வந்திருக்கும். இரண்டாவது வரியை, இரண்டு குழுவின் சிதறலும் சமம் என்று எடுத்துக்கொள்ளாத வெல்ச் முறையை, எப்போதும் பயன்படுத்துங்கள். உங்கள் தரவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இருந்தாலும் பழகிக்கொள்ளுங்கள்.

முடிவுப் பகுதியில் 60 பேரையும் வைத்து எழுதுங்கள்: வித்தியாசம் 3.8 மதிப்பெண், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி மைனஸ் 0.3 முதல் 7.9 வரை, பி மதிப்பு 0.07, விளைவின் அளவு சுமார் 0.48. இந்த இடைவெளியைத்தான் நான் முதலில் படிப்பேன். கைபேசியால் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், எட்டு மதிப்பெண் வரை போகவும் செய்யலாம். இந்த 60 பேரை வைத்து இதற்குமேல் சொல்ல முடியாது என்கிறது அது. 'கைபேசியால் பாதிப்பு இல்லை என்று நிரூபணமானது' என்று எழுதிவிடாதீர்கள், அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை. 'முக்கியத்துவத்தை நெருங்கியது' என்றும் வேண்டாம். 0.04 வந்தவர் யாரும் 'மயிரிழையில் தப்பியது' என்று எழுதி நான் பார்த்ததில்லை.

சீனியர் சொன்னதையும் வீணாக்க வேண்டாம். அந்த மூன்று பேரை நீக்கியும், ஆண் பெண் பிரித்தும் போட்டுப் பாருங்கள். ஆனால் 'தரவைப் பார்த்த பிறகு செய்த தேடல்' என்று தனித் தலைப்பில், எல்லா முடிவுகளையும், சாதகமில்லாதவற்றையும் சேர்த்து எழுதுங்கள். தேடுவதில் குற்றம் இல்லை. தேடிக் கண்டதை, முன்பே சொன்னதாகச் சொல்வதில்தான் பிரச்சினை. பத்துப் பேரைச் சேர்ப்பதற்கும் முறையான வழி உண்டு. நடுவில் ஒரு தடவை பார்ப்பேன் என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, இரண்டு தடவைக்கும் 0.05க்குப் பதிலாக 0.0294 என்ற கோட்டை வைத்துக்கொண்டால் மொத்தப் பிழை 5 சதவீதத்துக்குள் நிற்கும். உங்களுக்கு இந்த முறை அது காலம் கடந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வில் 'ஏன் சிக்னிபிகன்ட் வரவில்லை' என்று கேட்டால், ஆற்றல் 48 சதவீதம்தான், 80 சதவீதத்துக்குக் குழுவுக்கு 64 பேர் வேண்டும் என்று சொல்லுங்கள். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் ஒரு நிமிட வேலை. மொத்தம் 128 பேரைக் கல்லூரியில் திரட்ட முடியாது என்பார்கள், அது நியாயம்தான். அதற்கும் வழி இருக்கிறது: ஒரே மாணவர் இரண்டு நிலையிலும் எழுதட்டும். அவருடைய இரண்டு மதிப்பெண்களுக்கும் நடுவே 0.5 அளவுக்குத் தொடர்பு இருந்தாலே, அதே விளைவை அதே 80 சதவீத ஆற்றலோடு பிடிக்க 34 பேர் போதும், ஏனென்றால் ஆளுக்கு ஆள் உள்ள நினைவாற்றல் வித்தியாசம் கழிந்துவிடுகிறது. இரண்டு தனித்தனிச் சொற்பட்டியல் தேவைப்படும். பாதிப் பேர் கைபேசியோடும் பாதிப் பேர் கைபேசி இல்லாமலும் ஆரம்பிக்க வேண்டும். எந்தப் பட்டியல் எந்த நிலைக்கு என்பதையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பட்டியல் சுலபமாக அமைந்து காரியத்தைக் கெடுத்துவிடும். கவனமில்லாமல் எழுதுகிறவரை நீக்கும் விதியையும் அப்போதே எழுதி வையுங்கள். எத்தனை சொற்களுக்குக் கீழே எழுதினால் நீக்குவது என்ற எண்ணை முதல் மாணவர் அறைக்குள் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.